வாளையார் கந்தப்பனும் தேர்ப்பாறையும்

கந்தப்பன் முதன்முதலாகக் கடலைப் பார்த்தபோது அவருக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. அதுவரை அவருடைய லாரி மதுக்கரைப் பக்கத்துக் குவாரிக்கும் வாளையார் சூளைக்கும் நடுவில்தான் ஓடிக்கொண்டிருந்தது. கேரள எல்லைச் செக்போஸ்டுக்குச் சற்றுத் தள்ளி, ரயில்பாதை ஓரத்தில் பொங்கியண்ணனுக்குச் சொந்தமான அந்தச் சுண்ணாம்புச் சூளை இருந்தது. கந்தப்பனும் அவர் மனைவி கமலாத்தாளும் சூளைக்குப் பின்னாலிருந்த ஓட்டு வீட்டில் குடியிருந்தார்கள். குழந்தைகள் இல்லை.

எழுபத்தொன்றாம் வருஷம் பொங்கியண்ணன் அவரைக் கூப்பிட்டு, தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமத்தின் பெயரைச் சொன்னார்.

"அங்க கடலுக்குள்ளேருந்து ஒரு கல்லு எடுக்கறாங்களாமா. முருகைக்கல்லுங்கறாங்க. நம்ம கல்லாட்டம் அழுக்கு இல்ல, சுட்டா பால் மாதிரி வெளுப்பு. போயி ஒரு லோடு ஏத்திட்டு வா பாக்கலாம்."

கந்தப்பன் போனார். கடற்கரையில் குவியல் குவியலாகக் கிடந்தது கல். மனித மூளைபோல நெளிநெளியாகச் சில, மான்கொம்புபோலக் கிளைத்துச் சில. அதைக் கடலிலிருந்து பெயர்த்துக் கொடுத்தவர்களில் சூசை என்பவர் ஒருவர். முன்பு கடலில் முங்கிச் சங்கு எடுக்கப் போனவர். சங்கு குறைந்தபிறகு கடப்பாரையோடு முங்கிக் கல் உடைக்கப் பழகிக்கொண்டார். கந்தப்பனைவிட இரண்டு மூன்று வயது இளையவர். அவர் மனைவி செபமாலையம்மாள் கரையில் கல் சுமக்கிற பெண்களுக்கு முன்னால் நின்று வேலை வாங்குவாள். வந்த டிரைவர் பசியோடு நிற்பதைப் பார்த்து அவள்தான் முதல் நாள் சோறு போட்டாள்.

"மலையாளத்தாரா நீங்க?" என்று கேட்டாள்.

"ஊரு கேரளாங்க. பேச்சு கோயமுத்தூரு."

"அப்பம் நம்மாளுதான். மீனு திம்பீங்கள்ல?"

அந்தப் பழக்கம் அப்படித் தொடங்கியது. லோடு சேரத் தாமதமாகிற நாட்களில் கந்தப்பன் அவர்கள் வீட்டில்தான் தங்குவார். ஒருநாள் சூசை அவரை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனார். அடியில் கண்ணாடி பதித்த ஒரு தகரப்பெட்டியைத் தண்ணீரில் அமுக்கி, "குனிஞ்சி பாருங்க அண்ணாச்சி" என்றார்.

கந்தப்பன் பார்த்தார். கரையில் சாம்பலும் வெள்ளையுமாகக் கிடந்த அதே கல், கீழே மஞ்சளாகவும் ஊதாவாகவும் தவிட்டு நிறமாகவும் விரிந்து கிடந்தது. அதன் இடுக்குகளில் மீன்கள் நுழைந்து வெளியே வந்தன. ஓரிடத்தில் பாறை அடுக்கடுக்காக மேலெழும்பி, மாதா கோவில் சப்பரம் மாதிரி நின்றது.

"தேர்ப்பாறைன்னு சொல்லுவோம்" என்றார் சூசை. "எங்க பாட்டன் காலத்துலேயும் இப்பிடியேதான் நின்னுச்சாம். பெருமீனெல்லாம் இதுலதான் வந்து அடையும். இதை மட்டும் யாரும் தொடமாட்டோம்."

அன்று கந்தப்பன் மான்கொம்புக் கல்லில் ஒன்றை ஈரத்தோடு சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். கமலாத்தாளிடம் காட்ட வேண்டும் என்று ஆசை. வழியிலேயே நிறம் மங்கிவிட்டது. மறுநாள் காலையில் வீடு முழுக்கப் பிணவாடை. கொம்பின்மேல் கொழகொழவென்று சளிபோல வடிந்திருந்தது.

கமலாத்தாள் மூக்கைப் பொத்திக்கொண்டு அதைத் தூக்கி வெளியே வைத்தாள். "ஏனுங்க, கல்லுன்னு சொன்னீங்க. இது உசுரோட இருந்ததாட்டம் இருக்குதே!"

"எனக்கும் இப்பத்தான் புள்ள தெரியுது" என்றார் கந்தப்பன்.

தெரிந்தபிறகும் லாரி ஓட்டுவதை அவர் நிறுத்தவில்லை. வேறு பிழைப்பு இல்லை. சூளைக்குக் கல் வேண்டும். சூசைக்கும் அவரோடு முங்குகிற மற்றவர்களுக்கும் கஞ்சி வேண்டும். மூன்று வருஷம் இப்படியே போயிற்று. கரைக்குப் பக்கத்திலிருந்த பாறைகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. வள்ளங்கள் இன்னும் தூரம் போக வேண்டியிருந்தது. முன்பெல்லாம் பாறையில் மோதி அடங்கி வந்த அலை, இப்போது நேராகக் குடிசை வாசலுக்கு வந்து அடித்தது.

எழுபத்துநாலில் ஒருநாள் கந்தப்பன் போனபோது கரையில் யாரும் சரியாகப் பேசவில்லை. சூசை தள்ளி நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தார். குவிந்திருந்த கல்லைப் பார்த்ததுமே கந்தப்பனுக்குப் புரிந்தது. அத்தனை பெரிய பாளங்கள் வேறெங்கும் கிடையாது.

"தேர்ப்பாறையா?"

செபமாலையம்மாள்தான் பதில் சொன்னாள். "அடிவாரத்த உடைச்சிருக்கானுவ. வேற எங்க போயி உடைக்கன்னு கேக்கானுவ. இவரு போகல. ஆனா தடுக்கவும் முடியல. அதும் போச்சுன்னா மீனு எங்கய்யா வந்து முட்ட போடும்?"

கந்தப்பன் லாரிக்குப் பின்னால் போனார். பின்கதவைத் தூக்கிக் கொண்டியை மாட்டினார்.

"இதை நான் ஏத்தமாட்டேனுங்க" என்றார்.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன், "நீரு ஏத்தாட்டி இன்னொரு வண்டி வரும்வே" என்றான்.

"வரட்டுங்க. அந்த வண்டியில ஏத்துங்க. இதுல வேண்டாம்."

வெறும் வண்டியோடு அவர் திரும்பினார். அவ்வளவு தூரமும் லாரி காலிப் பீப்பாய் மாதிரி கடகடத்துக்கொண்டே வந்தது. வாளையார் செக்போஸ்டில் தெரிந்த ஆபீசர் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "எந்தா கந்தப்பா, வண்டி காலி?" என்று கேட்டார். கந்தப்பன் கையை மட்டும் விரித்துக் காட்டினார்.

பொங்கியண்ணன் கெட்டவர் அல்ல. ஆனால் சூளை எரிந்துகொண்டிருந்தது. உள்ளே போடக் கல் இல்லை.

"உனக்கு என்னப்பா வந்துது? கடல் உன்ற அப்பன் ஊட்டுதா?"

"இல்லீங்க மொதலாளி."

"அப்புறம்?"

"அதை உடைக்கக் கூடாதுங்க" என்றார் கந்தப்பன்.

"சரி, சாவியக் குடு. சூளையில ஆளு பத்தல. அங்க நில்லு."

அதன்பிறகு வேறொருவன் லாரி ஓட்டினான். ஆனால் தேர்ப்பாறையின் கல் வாளையாருக்கு வரவில்லை. வெளியூர்க்காரன் ஒருவன் அவ்வளவு தூரம் வந்துவிட்டு வெறும் வண்டியோடு போனது அந்தக் கிராமத்தாரை உறுத்திவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊர் கூடியது. மாதா முன்னால் எல்லோரும் வாக்குக் கொடுத்தார்கள், இனி தேர்ப்பாறையில் கடப்பாரை படாது என்று. உடைத்துப் போட்ட பாளங்களை மறுபடி கடலில் கொண்டுபோய் அதன் அடியிலேயே போட்டார்களாம்.

இதையெல்லாம் சொல்வதற்கென்றே சூசை வாளையார் வந்தார். அவர் வந்தபோது கந்தப்பன் ஒரு கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். சூளை வேலைக்குப் புதிது அவர். வெந்த கல்லுக்குத் தண்ணீர் ஊற்றும்போது எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பது கைக்கும் காலுக்கும் பழகியிருக்கவில்லை. கல் ஒன்று வெடித்து, கொதிக்கிற சுண்ணாம்பு வலது கண்ணில் அடித்துவிட்டது. பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் கழுவினார்கள், மருந்து போட்டார்கள். கண் போனது போனதுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இனி லாரி ஓட்ட முடியாது.

சூசை கொண்டுவந்த கருவாட்டு மூட்டையைக் கமலாத்தாள் வாங்கவில்லை. "உங்க ஊருப் பாறைக்கு எங்கூட்டுக்காரரு கண்ணக் குடுத்துட்டாருங்க. சந்தோசந்தானுங்களே?" என்றாள்.

சூசை மூட்டையை ஓரமாக வைத்தார். கந்தப்பன்தான், "பாறை நல்லா இருக்குதாப்பா?" என்று கேட்டார்.

"இருக்கு அண்ணாச்சி. அடிபட்ட எடத்துல புதுசா முளைக்கி. சின்னச் சின்ன மொட்டாட்டம். கலவா மீனு திரும்ப வருது."

கந்தப்பன் சிரித்தார். கமலாத்தாள் உள்ளே போய்விட்டு, கொஞ்ச நேரம் கழித்து வந்து கருவாட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த இரண்டு வருஷமும் அந்த ஒரு நினைப்பிலேயே அவர் சூளையில் நின்றார். தூசியில் இருமல் வந்தது. ஒற்றைக் கண்ணில் எல்லாம் ஒரே தட்டையாகத் தெரிந்தது. கூடையை எங்கே வைக்கிறோம் என்று கையால் தடவித்தான் வைத்தார். யாராவது கண்ணைப் பற்றிக் கேட்டால் பாறையைப் பற்றிச் சொல்வார். கேட்டவர்களுக்குப் பாதி புரியாது. கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சிலர் நினைத்தார்கள்.

எழுபத்தாறு வைகாசியில் சூசை மறுபடி வந்தார். இந்தத் தடவை கையில் கருவாடு இல்லை.

"அண்ணாச்சி, தேர்ப்பாறை வெளுத்துப் போச்சு."

"உடைச்சிட்டாங்களா?"

"யாரும் தொடல. தன்னால வெளுக்கி. தண்ணி சுடுது அண்ணாச்சி. இந்த வருசம் காத்தே இல்ல. முங்குனா காய்ச்சுன தண்ணிக்குள்ள எறங்குன மாதிரி இருக்கு."

இருவரும் பஸ் பிடித்துப் போனார்கள். கடல் எண்ணெய் ஊற்றினாற்போல அசையாமல் கிடந்தது. கந்தப்பன் வள்ளத்தின் ஓரத்திலிருந்து கையை விட்டுப் பார்த்தார்; வெயிலில் வைத்த அண்டாத் தண்ணீர் மாதிரி இருந்தது. கண்ணாடிப் பெட்டியைப் பிடித்து ஒற்றைக் கண்ணால் குனிந்தார்.

தேர்ப்பாறை உச்சியிலிருந்து அடிவரை வெள்ளை. நீறு பூசிய மாதிரி பளீரென்ற வெள்ளை. ஒரு கணம் அழகாகக்கூட இருந்தது. மீன்கள் இல்லை. பாறையின் மேற்குப் பக்கத்தில், விரல் தடிமனுக்கு ஒரு கறுப்பு வளையம் ஓடியது. வளையத்துக்கு உட்புறம் வெறும் கல். அதன்மேல் பாசி படர ஆரம்பித்திருந்தது.

அன்று கரையில் கடல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ஒருவர் இருந்தார். பெயர் சிவராமகிருஷ்ணன். பேச்சைக் கேட்டதும் கந்தப்பன் அவர் எந்த ஊர் என்று விசாரித்தார்.

"நான் பாலக்காட்டுக் கல்பாத்தியாக்கும். நீங்க?"

"வாளையாருங்க."

"அட! இங்கே என்ன பண்ணறேள்?"

கந்தப்பன் சொன்னார். முழுக்கச் சொன்னார். சிவராமகிருஷ்ணன் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பார்வை ஒரு தடவை கந்தப்பனின் செத்த கண்ணுக்குப் போய்விட்டு விலகியது.

"அது செத்துப்போச்சுங்களா சாமி?"

"வெளுத்தது எல்லாம் இன்னும் சாகலை. இந்தப் பாறையைக் கட்டற பவளப்பூச்சிக்குள்ளே பொடியா ஒரு பாசி இருக்கும். அதுதான் இதுக்குச் சோறு போடறது. நிறமும் அதோடதுதான். தண்ணி ரொம்பச் சுட்டா பாசியை வெளியே தள்ளிடும். அப்புறம் பட்டினிதான். தண்ணி சீக்கிரம் குளிர்ந்தா பிழைக்கலாம்."

"எப்பங்க குளிரும்?"

"தென்மேற்கிலேர்ந்து சோளகக் காத்து எழும்பினா. இந்த வருஷம் அது எழும்பவே காணோம்."

"அந்தக் கறுப்பு வளையம்?"

"அது வியாதி. வெளிநாட்டிலே இப்போதான் ரெண்டு மூணு வருஷமா அதைப்பத்தி எழுதறா. சூட்டிலே இளைச்சுப் போனதாப் பார்த்துப் பிடிச்சுக்கறது. தினம் கொஞ்சம் கொஞ்சமா நகரும். நகர்ந்த எடமெல்லாம் செத்துப்போகும்."

"மருந்து ஏதாச்சும்…"

சிவராமகிருஷ்ணன் கடலைப் பார்த்தார். "நேக்குத் தெரியலை. எதையும் ஒளிக்கலை. யாருக்கும் தெரியாது."

சூசைக்கு அது போதவில்லை. மறுநாள் காலையில் தென்னை நார்ப் புரியும் கத்தியும் எடுத்துக்கொண்டு வள்ளத்தில் ஏறினார். கந்தப்பன் கூடப் போனார். சூசை முங்கி அந்தக் கறுப்பைச் சுரண்டினார். மூச்சு வாங்க மேலே வருவார், மறுபடி இறங்குவார். கந்தப்பன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுரண்டிய இடத்தில் களிமண்ணைக் குழைத்து அப்பினால் பரவாமல் நிற்குமோ என்று சூசைக்கு ஒரு நம்பிக்கை. கரையிலிருந்து வாளியில் களிமண் கொண்டுபோனார்கள். மாலைவரை இதே வேலை. கடைசியில் மேலே வந்தபோது சூசையின் காதிலிருந்து இரத்தம் வடிந்தது.

"முழுக்க எடுத்துட்டேன் அண்ணாச்சி" என்றார்.

அடுத்த நாள் போய்ப் பார்த்தார்கள். களிமண் கரைந்து போயிருந்தது. கிழக்குப் பக்கத்தில் புதிதாக இரண்டு வளையங்கள் இருந்தன.

சூசை வள்ளத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "உடைச்சவன்னா கையைப் புடிக்கலாம். மாதா முன்னால சத்தியம் வாங்கலாம். இதுக்கு யாரைப் புடிக்க?" என்றார்.

கந்தப்பன் துடுப்பை எடுத்துக் கரைப்பக்கம் வலித்தார். அவருக்குச் சரியாக வலிக்கத் தெரியாது. வள்ளம் ஒரு பக்கமாகவே சுற்றிச் சுற்றிப் போயிற்று.

சோளகம் எழும்பியபோது ஆனி முடியும் தறுவாய். கடல் குளிர்ந்தது. தேர்ப்பாறை அதற்கு முன்பே செத்துவிட்டது.

செத்த பாறைக்கு வாக்கு எதற்கு என்று ஊரில் பேச்சு எழுந்தது. மீன் இல்லை, வேறு கல்லும் இல்லை. மறுபடி பூசை முடிந்து கூடினார்கள். வாக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். சூசை அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கார்த்திகையில் அந்தக் கல் வாளையாருக்கு வந்து இறங்கியது. பாளங்களின்மேல் நகத்தளவு கறுப்புச் சிப்பிகள் இடைவெளியில்லாமல் அப்பிக்கொண்டிருந்தன. அந்தக் கடலில் கந்தப்பன் அப்படி ஒரு சிப்பியைப் பார்த்ததே இல்லை. லாரி டிரைவர் சொன்னான், அது எங்கிருந்தோ கப்பலடியில் ஒட்டிக்கொண்டு வந்ததாம். முதலில் துறைமுகத்தில் மட்டும்தான் இருந்ததாம். பாறை செத்து வெறுமையானதும் இங்கேயும் வந்து பிடித்துக்கொண்டதாம். அந்தக் கல்பாத்தி ஆராய்ச்சிக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனாராம். முழுக்கச் சுரண்டி எடுத்தாலும் மறுபடி வரும், இந்தச் சூட்டுத் தண்ணீர் அதற்கு ஒத்துக்கொண்டுவிட்டது என்று சொன்னாராம்.

பொங்கியண்ணனுக்கும் விஷயம் தெரிந்திருந்தது. சூளை வாசலுக்கு வந்தார்.

"கந்தப்பா, இன்னைக்கு நீ ஊட்டுக்குப் போப்பா. வேற ஆளு போடட்டும்."

"இல்லீங்க. நானே போடறேன்."

அவரேதான் போட்டார். சிப்பிகள் நெருப்பில் படபடவென்று வெடித்தன. நல்ல சுண்ணாம்பாகத்தான் வந்தது, முன்பு வந்ததைப் போலவே வெளுப்பாக. அன்று வீட்டுக்கு வந்தபோது கமலாத்தாள் வெந்நீர் வைத்திருந்தாள். அவரைக் குனியவைத்து, தலையிலிருந்த வெள்ளைத் தூசியைத் தேய்த்துக் கழுவிவிட்டாள்.

பாறை போனபிறகு கடலுக்குத் தடுப்பு இல்லை. மறுவருஷ ஐப்பசிப் புயலில் சூசையின் தெரு முழுவதும் தண்ணீரில் போயிற்று. கந்தப்பனுடைய பழைய லாரிச் சிநேகிதன் சங்கையா அப்போது கேரள மலைப்பக்கம் வண்டன்மேட்டில் ஓர் ஏலத்தோட்டத்தில் கங்காணியாக இருந்தான். கந்தப்பன் அவனைப் போய்ப் பார்த்துக் கேட்டு, சூசைக்கும் செபமாலையம்மாளுக்கும் அங்கே வேலையும் தங்கத் தொழிலாளர் லயத்தில் ஓர் அறையும் வாங்கிக் கொடுத்தார்.

எழுபத்தெட்டில் ஒரு தடவை அவர்களைப் பார்க்க மலையேறினார். செபமாலையம்மாள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு காய் பறித்துக்கொண்டிருந்தாள். ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"குளிரு எலும்புக்குள்ள போவுது அண்ணாச்சி. அது பரவால்ல. இவருதான் வாயத் திறக்க மாட்டேங்காரு. கீழ ஒரு குளம் கெடக்கு, எல்லாரும் போயி மீனு பிடிக்காவ. இவரு அந்தப் பக்கமே போறதில்ல."

சூசை மேட்டில் இருந்தார். ஏலச்செடிக்குக் கட்டே நோய் வந்திருந்தது. இலையில் மஞ்சள் கோடு கோடாக ஓடி, செடி குறுகி, காய்ப்பு நின்றுவிடும். அப்படிப்பட்ட செடிகளைத் தூரோடு பிடுங்கி ஒரு பக்கமாகக் குவித்து எரிப்பது அவருக்குக் கொடுத்திருந்த வேலை. கந்தப்பன் பக்கத்தில் போய் ஒரு தூரைப் பிடித்து இழுக்கக் கைகொடுத்தார்.

"இது பரவுமா?" என்று கேட்டார்.

"பரவும். ஆனா சீக்குச் செடியப் பிடுங்கிட்டா மத்தது பொழைக்கும்னு தொரை சொல்லுதாரு." சூசை மண்ணை உதறினார். "இங்க பிடுங்கலாம் அண்ணாச்சி. அங்க எதைப் பிடுங்க? தண்ணியையா?"

கந்தப்பன் அடுத்த தூரைப் பிடித்துக்கொண்டே, "ஊருக்குப் போகோணும்னு இருக்குதாப்பா?" என்றார்.

"எந்த ஊருக்கு?"

மத்தியானம் வரை சேர்ந்து செடி பிடுங்கினார்கள். செபமாலையம்மாள் சோறு கொண்டுவந்தாள். மீன் இல்லை, மொச்சைக் குழம்பு. சாப்பிட்டுவிட்டுக் கந்தப்பன் பஸ் ஏறினார். சூசை பஸ் வரை வந்து திரும்பி நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கமலாத்தாள் வாசலிலேயே கேட்டாள், "எப்படிங்க இருக்காங்க?"

"இருக்காங்க."

"நீங்க அன்னைக்கு வெறும் வண்டியத் திருப்பாம இருந்திருந்தா கண்ணாவது மிஞ்சியிருக்கும்" என்றாள் அவள். இத்தனை வருஷத்தில் அன்றுதான் அதை அவரிடமே வாய்விட்டுச் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை.

"மிஞ்சியிருக்கும் புள்ள" என்றார் கந்தப்பன்.

கடல்கல் வரத்து அந்த வருஷத்தோடு நின்றது. எடுக்க ஒன்றும் இல்லை. சூளை மறுபடி மதுக்கரைக் கல்லுக்குத் திரும்பியது. கந்தப்பன் இருமிக்கொண்டே அதில் வேலை பார்த்தார்.